கச்சேரி வைத்தால் வேலை கிடைக்குமா?

வேலையில்லாத் திண்டாட்டத்துக்காகப் பாட்டுக் கச்சேரி என்று புதுச்சேரியின் சேதராப்பட்டில் யாராவது நோட்டீஸ் ஒட்டினால் முதலில் சிரிப்புதான் வரும். வெள்ள நிவாரணம் என்றால் வசூலான பணத்தில் அரிசியும் போர்வையும் வாங்கலாம். வேலையில்லாதவனுக்கு எதை வாங்கிக் கொடுப்பது? கேள்வி நியாயமானதுதான். பணம் திரட்டுவதில் கச்சேரிகளின் லட்சணமும் நமக்குத் தெரியும். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்காளதேச அகதிகளுக்காக நடத்திய நிகழ்ச்சியில் டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர். அது யுனிசெஃபுக்குப் போனது. இசைத்தட்டு விற்று வந்த பெருந்தொகையோ வரித் தகராறில் சிக்கிப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஆனால் வங்காளதேசம் என்றொரு நாடு உண்டு என்று மேற்கத்திய இளைஞர்களில் பலர் தெரிந்துகொண்டது அந்த மேடையால்தான். உண்டியலை நம்பி வைக்கும் கச்சேரி வீண். வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஒன்றைத் தெருவுக்குக் கொண்டுவருவதற்காக என்றால் தாராளமாக வைக்கலாம்.

வேலையின்மையில் ஒளிந்திருக்க என்ன இருக்கிறது, ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்பார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இதற்கு மேலும் விழிப்புணர்வு எதற்கு? எண்ணிக்கை தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 22 லட்சத்தில் ஒருவன் நம் வீட்டில் இருந்தால் பேச்சே வேறு. ‘பையன் என்ன பண்றான்?’ என்று கேட்டால் ‘பரீட்சைக்குப் படிக்கிறான்’ என்போம். ஐந்து வருடம் கழித்துக் கேட்டாலும் அதே பதில். அரசாங்கக் கணக்கும் ஒளிப்பதற்குத் தன்னாலான உதவியைச் செய்கிறது. தொழிலாளர் கணக்கெடுப்பின் வாராந்தர அளவுகோலின்படி, ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வேலை பறிபோவதும் வெளியே தெரிவதில்லை. தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்களின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பாருங்கள். பல அட்டைகளில் இருப்பது கம்பெனியின் பெயரல்ல, ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் பெயர். ஆர்டர் குறைந்தால் ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்ற ஒரு போனோடு கதை முடிந்தது. கேட்டை இழுத்து மூடினால் செய்தியாகும். போனுக்கு ஏது செய்தி?

சரி, இதைத் தெருவுக்குக் கொண்டுவருவது எப்படி? 1936-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஜூலை 30-ல் புதுச்சேரி சவானா மில் வேலைநிறுத்தத்தின்போது பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. நிறுத்துவதற்குக் கையில் ஒரு தறி இருந்தது, அதனால் அரசு இறங்கி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் ஜாரோ ஊரிலிருந்து, கப்பல் பட்டறை மூடப்பட்டு வேலையிழந்த சுமார் 200 பேர் லண்டனுக்கு நடந்தே போனார்கள். அவர்களிடம் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. வேலையில்லாதவன் எப்படி வேலைநிறுத்தம் செய்வான்? வழிநெடுகச் சிலர் மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டு போனார்கள். பதினோராயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுவுக்கு உடனடியாக ஒரு பலனும் இல்லை. நடந்த நாட்களில் வேலைக்குத் தயாராக இல்லை என்று காரணம் காட்டி உதவித்தொகையையும் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் இங்கிலாந்தில் வேலையின்மை பற்றிப் பேச்சு எழுந்தால் இன்றைக்கும் முதலில் வரும் பெயர் ஜாரோ. பிற்பாடு பர்மிங்ஹாமின் வேலையில்லா இளைஞர்கள், வேலையின்மை உதவித்தொகைப் படிவத்தின் எண்ணையே எடுத்து ‘யுபி40’ என்று தங்கள் இசைக்குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். 1980-ல் வந்த முதல் இசைத்தட்டின் அட்டையிலும் அந்தப் படிவத்தையே அச்சிட்டார்கள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் காகிதம் கடை ஜன்னலுக்கு வந்துவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையை நம்மில் யார் அப்படி வெளியே காட்டியிருக்கிறோம்?

பாட்டு கவலையை மறக்கடிக்கும், கோபத்தைத் தணித்துவிடும் என்பது இன்னொரு வாதம். நாலு சினிமாப் பாட்டு, நடுவில் அமைச்சருக்குப் பொன்னாடை என்று போனால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் வேறொன்று. வேலையின்மைக்காக என்று சொல்லிக்கொண்டு தவில்காரரையும் பறையடிப்பவரையும் சம்பளமில்லாமல் கூப்பிடுவார்கள். ‘நல்ல காரியம்தானே அண்ணே’ என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மைக் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. 2020 ஊரடங்கில் திருவிழாக்கள் நின்றபோது கூத்துக் கலைஞர்களும் நாதஸ்வரக் குழுக்களும் பட்ட பாட்டைக் கண்டுதான் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் சுமனசா அறக்கட்டளை அவர்களுக்காகத் தனி நிதியே திரட்டியது. வேலையில்லாதவர் பட்டியலில் பாடுகிறவரும் இருக்கிறார். அவருக்குக் கூலி கொடுக்க வக்கில்லாத கச்சேரியை நடத்தாமல் இருப்பதே மரியாதை.

கச்சேரி எழுப்பும் கேள்விக்கு ஒரு முகவரியும் வேண்டும். ‘வேலை கொடு’ என்று வானத்தைப் பார்த்துப் பாடினால் வானம் பதில் சொல்லாது. ரோடியர் மில் என்று பழையவர்கள் சொல்லும் புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. பஞ்சாலை, 2020 ஏப்ரல் 30-ல் ஒரேயடியாக மூடப்பட்டது. சேதராப்பட்டிலும் கரசூரிலுமாகச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று கையகப்படுத்திய சுமார் 750 ஏக்கர், திட்டம் நகராமல் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. நிலம் கொடுத்த குடும்பங்கள் பக்கத்திலேயேதான் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு வழக்கப்படி ஜூன் 21-ல் இசை நாள் கொண்டாடுகிறார்கள். கடற்கரைப் பக்கம் களைகட்டும். அடுத்த முறை ஒரு மேடையைத் தொழிற்பேட்டை வாசலில் போடுங்கள். வாசிப்பவருக்குக் கூலியை முன்கூட்டியே கொடுங்கள். உண்டியல் வேண்டாம். சிறப்பு மண்டலத்துக்கென்று எடுத்த அந்த நிலத்தில் எத்தனை நிரந்தர வேலை, எந்தத் தேதிக்குள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை என்று தொழில் துறைக்கும் புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான பிப்டிக்குக்கும் ஒரு மனு எழுதி வையுங்கள். பாட்டுக் கேட்க வருகிறவர்கள் முதலில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காரட்டும்.