செட்டையில் ஒரு கோடு

சாச்சாவின் பாவற்பந்தலில் பொறி கட்டச் சொன்னவன் நான்தான். பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்துகொண்டிருந்தன. பிளந்தால் உள்ளே புழு.

"பழ ஈதான் சாச்சா. மீதைல் இயூஜினோல் வாங்கிப் பஞ்சில நனைச்சு, போத்தலுக்குள்ள தொங்க விடுங்க" என்றேன்.

ஆசிரிய கலாசாலையில் படித்தவன் சொல்கிறான் என்று அவரும் செய்தார். மூன்றாம் நாளே போத்தலில் ஈக்கள் குவிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காய்கள் மட்டும் தொடர்ந்து அழுகின. பந்தலுக்குக் கம்பி வாங்கச் சாச்சி தன் காப்பை அடகு வைத்திருந்தா என்பது பிறகுதான் தெரிந்தது.

அவரின் பேரன் எனது ஆறாம் ஆண்டு மாணவன். அழுகிய காயொன்றை மணல் போட்ட ஜாம் போத்தலில் மூடி வைத்திருக்கிறான். இரண்டு வாரம் கழித்து அதிலிருந்து வந்த ஈயையும் பொறியில் செத்த ஈயையும் ஒரே கடதாசியில் வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தான்.

"சேர், இந்த ரெண்டும் ஒண்டில்ல. செட்டையப் பாருங்க."

கைவில்லையை வைத்துப் பார்த்தேன். பொறியில் விழுந்ததன் செட்டை கண்ணாடி போன்றது. முன்விளிம்போடு மெல்லிய கபிலக்கோடு, அடியில் ஒரு கீற்று, வேறொன்றுமில்லை. காயில் பிறந்ததற்கோ அந்த விளிம்புக்கோடு நுனியில் பொட்டாக அகன்றிருந்தது. போதாததற்குச் செட்டையின் குறுக்கு நரம்பின்மேல் புகை படிந்தாற்போல் இன்னொரு கோடு. முன்னது மா, கொய்யாவுக்கு வரும் ஈ. பின்னது பாகல், புடோல் இனத்தைத் தின்னும் பூசணி ஈ. மீதைல் இயூஜினோலை அது ஏறிட்டும் பார்க்காது; அதன் ஆண்களை இழுப்பது கியூலூர் என்ற வேறு மருந்து. நாங்கள் பிடித்ததெல்லாம் பக்கத்து வளவு மாமரத்து ஈக்களை!

ஈக்கள் விஷயத்தில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். கென்யாவில் 2003இல் கண்ட மாம்பழ ஈக்கு 2005இல் புதிய இனமென்று பெயர் வைத்தார்கள். 2015இல் அது பழைய பக்ட்ரோசெரா டோர்சாலிஸ்தான் என்று அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். இது எனக்கு அன்று ஆறுதலாகவில்லை.

இரண்டு நாள் சாச்சாவின் வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் கடதாசியோடும் வில்லையோடும் போனேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இத முதல்லயே பாத்திருக்கலாமே மகன்" என்றார்.

அடுத்த போகத்துக்குக் கியூலூர் வாங்கிக் கட்டினோம். பழைய பயிற்சிக் கொப்பிகளைக் கிழித்துப் பிஞ்சுகளுக்கு உறை போட்டது பேரன். அவற்றில் நான் திருத்திய விஞ்ஞான விடைகளும் இருந்தன.