கணினிக் கூடத்தில் தனி மனைகள்

தமிழாசிரியனுக்குக் கணினிக் கூடத்தில் என்ன அலுவல் என்று வினவும் பழைய மாணவர் உளர். மாணாக்கர் தம் கட்டுரைகளைக் கொப்பியில் மட்டுமன்றிக் கணினியிலும் எழுதத் தொடங்கிய பின்னர், திருத்துவோனுக்கும் அங்கே ஓர் இருக்கை வேண்டியதாயிற்று.

முன்னர் அங்கே அனைவர்க்கும் பொதுவாக ஒரே கோப்புறை இருந்தது. 'கட்டுரை' என்ற பெயரில் ஒருவன் வைத்ததன்மேல் அதே பெயரில் மற்றொருவன் எழுதிவிடுவான். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டனாரிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்த இறைப்புச் சொற்கள் (துலா, ஆடுகால், பட்டை எனப் பல) ஒரு பிற்பகலில் இவ்வாறு மறைந்தன. மீண்டும் கேட்டறியலாமென்றால், பாட்டனார் அதற்குள் நோயினாற் பேச்சிழந்திருந்தார்.

அதன்பின்னரே ஒவ்வொருவர்க்கும் தனி மனை அமைக்கும் முயற்சி தொடங்கிற்று. இஃது ஒன்றும் புதுமையன்று. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடக்கிய யுனிக்ஸ், ஒரு பொறியைப் பலர் பகிர்ந்துகொள்வதற்கு ஏற்றதாகவே வளர்ந்தது. அதன் வழிவந்த லினக்ஸ் எங்கள் வழங்கியில் இயங்குகின்றது. 1992 இல் அவுஸ்திரேலியரான அன்றூ திரிட்ஜெல் வெளியிட்ட சம்பா என்னும் மென்பொருள், கூடத்து விண்டோஸ் கணினிகளுக்கு அக்கோப்புறைகளைத் திறந்துவிடுகின்றது. அதன் அமைப்புக் கோப்பில் 'ஹோம்ஸ்' என்ற ஒரே பகுதியை எழுதினாற் போதும். நுழைபவன் எவனோ அவனுடைய மனையே திறக்கும். ஆயினும் சம்பா தானே மனை கட்டித் தராது. கோப்புறையை முன்கூட்டியே அமைத்து, அதன் உடைமையை மாணவன் பெயருக்கு மாற்றல் வேண்டும். நிருவாகி அமைத்தது நிருவாகிக்கே உரியதாய் நின்றுவிடின், பையன் தன் வீட்டு வாசலிலேயே அந்நியனாய் நிற்பான்.

ஒரே பெயருடையார் பலராதலின், சேர்விலக்கத்தின்முன் ஓர் எழுத்தையிட்டுப் பயனர் பெயராக்கினோம்.

எனக்குச் சுவையாயிருந்தது அனுமதிக் கணக்கு. வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, உட்செல்லுதலுக்கு 1. உடையவனுக்கு மூன்றும் சேர்ந்து 7, ஆசிரியர் குழுவுக்கு 5, பிறருக்கு 0. ஆகவே 750. ஆசிரியருக்கும் 7 வேண்டும் என்றார் உடனாசிரியர் ஒருவர். யான் இசையவில்லை. மாணவன் எழுதியதை ஆசிரியன் வாசிக்கலாம். அவன் அறியாமல் அதிற் கைவைத்தல் திருத்தமாகாது. என் குறிப்புகளை வேறொரு கோப்பில் எழுதித் தருகின்றேன்.

ஒருவன் சேர்க்கும் திரைப்படங்கள் ஏனையோரின் இடத்தை விழுங்காதவாறு அளவெல்லையும் விதித்தாயிற்று.

தமிழ்ப் பெயரிடுவோர் ஒன்றை அறிதல் நன்று. கோப்பின் பெயர் 255 பைற்றுக்கு மேற்படலாகாது. யூரிஎப்-8 முறையில் 'க' மூன்று பைற்று; 'கி' ஆறு. எம்மாணாக்கரின் நீண்ட தலைப்புகள் சில இவ்வெல்லையில் முட்டி நின்றன.

கல்லூரியை விட்டு நீங்குவோரின் மனைகளை என் செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆண்டிறுதியில் அழித்துவிடலாம் என்பர் சிலர். உரியவன் தன் கையாற் படியெடுத்துச் செல்லும் வரை ஒன்றையும் அழிக்கலாகாது என்று கேட்டிருக்கின்றேன்.