உரோமைக்குப் பின் இரண்டு நாள்கள்

பெருநகர் ஒன்றைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவோரின் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் களைப்பே மிகுந்திருப்பதை நாம் பலமுறை கண்டதுண்டு. "விடுமுறை முடிந்தது, இனி ஓய்வெடுக்க இன்னொரு விடுமுறை வேண்டும்" என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த வேடிக்கையில் உண்மை இல்லாமலில்லை.

நம் பங்கைச் சேர்ந்த கணவனும் மனைவியும் மணவாழ்வின் வெள்ளி விழாவையொட்டி உரோமை செல்ல முடிவு செய்தனர். பிள்ளைகள் இருவரும் வேலைக்குச் சென்றுவிட்டனர். பயணச் செலவும் அப்பிள்ளைகளுடையதே. இளமையில் நாம் உரோமையில் பயின்றவர் என்பதால், கணவர் தாம் வகுத்த திட்டத்தைக் காட்டுவதற்காக மனைவியுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஐந்து நாள்கள் உரோமை, ஆறாம் நாள் புளோரன்ஸ், ஏழாம் நாள் வெனிஸ். மணிக்கு ஓர் இடம். மதிய உணவுக்கு அரை மணி. அலுவலகப் பதிவேடு போல் கோடிட்டு எழுதியிருந்தார்.

மனைவியார் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். "உங்களுக்கு எங்கே போக விருப்பம், அம்மா?" என்று கேட்டோம். "எங்கேயாவது கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், சாமி" என்றார். கணவர் சிரித்தார். அந்த அம்மையார் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கும் சிரியாமைக்கும் இடையே இருந்த தொலைவு நம் மனத்தை உறுத்தியது. பிள்ளைகளைப் பற்றிய பேச்சு ஓய்ந்த பிறகு, தங்களுக்குள் என்ன பேசுவதென்று அறியாத வீடுகள் இன்று பல. பேனாவை எடுத்துக் கடைசி இரண்டு நாள்களை அடித்துவிட்டு, அவ்விடத்தில் ஒரே ஓர் ஊரின் பெயரை எழுதினோம்: ஒர்வியேத்தோ.

உரோமைக்கு வடக்கே, உம்பிரியா நாட்டுப்புறத்தில், எரிமலைச் சாம்பல் இறுகிய செங்குத்துப் பாறையின்மேல் அமர்ந்திருக்கும் சிற்றூர் அது. தெர்மினி நிலையத்திலிருந்து புளோரன்ஸ் நோக்கிச் செல்லும் வட்டார இரயிலில் ஏறினால் ஒன்றரை மணிக்குள் அடிவாரத்தை அடையலாம். தாள் பயணச்சீட்டு வாங்குவோர் ஏறுமுன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் அதை முத்திரையிட மறக்கலாகாது. மறந்தால் அபராதம் உண்டு. நிலையத்திற்கு எதிரிலேயே, பழனி மலையில் உள்ளது போன்ற இழுவை இரயில் நம்மைப் பாறையின் உச்சிக்கு ஏற்றிச் செல்லும். 1888-இல் நீரின் எடையால் இயங்கத் தொடங்கிய அது, 1970-இல் நின்று, 1990 முதல் மின்விசையால் இயங்குகிறது.

வாழ்க்கையின் வேகத்தைக் குறைக்க விரும்பும் ஊர்கள் 1999-இல் 'சித்தாஸ்லோ' என்னும் பெயரில் ஒன்று கூடின. அதைத் தொடங்கிய நான்கு ஊர்களுள் ஒர்வியேத்தோவும் ஒன்று. பிற்பகலில் கடைகள் பல அடைத்துக் கிடக்கும். இரவு உணவு ஏழரைக்கு முன் கிடைப்பது அரிது. இதைக் குறையென எண்ணுவோர் அங்கே துன்புறுவர். அந்த நேரத்தில்தான் மதிலோரம் அமர்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். மாலை வெயிலில், 1290-இல் தொடங்கப் பெற்ற பேராலயத்தின் முகப்பிலுள்ள பொன் வண்ணச் சில்லோவியங்கள் ஒளிரும்.

தங்குவதற்கு ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் நடுவே உள்ள பண்ணை வீடுகளே ஏற்றவை. உழவர்கள் தம் பண்ணையிலேயே விருந்தினரை ஏற்பதற்கு 1985-இல் இத்தாலி தனிச் சட்டமே இயற்றியது. இவ்வகை வீட்டை 'அக்ரிதுரிஸ்மோ' என்பர். வண்டி ஓட்டத் தெரியாதவர்கள், நிலையத்திற்கு வந்து அழைத்துச் செல்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கையால் உருட்டிய உம்பிரிகெல்லி என்னும் தடித்த மாவு இழைகளும் அவ்வூர் வெண் திராட்சை இரசமும் அங்கே கிடைக்கும். மே மாதமும் திராட்சை அறுவடை நடக்கும் செப்டம்பர் இறுதியும் இதமானவை. ஆகஸ்டு நடுவில் இத்தாலியர் பலர் விடுமுறையில் இருப்பர், கூட்டம் மிகும்.

நாம் அவர்களுக்கு இட்ட நிபந்தனைகள் மூன்றே: இரண்டு இரவும் ஒரே வீட்டில் தங்க வேண்டும், ஒரு நாளைக்கு ஓர் இடத்திற்குமேல் பார்க்கக் கூடாது, ஊர் திரும்பும் விமானம் காலையில் என்றால், முந்திய மாலையே உரோமைக்கு வந்துவிட வேண்டும்.

அவர்கள் பார்த்த ஓர் இடம் புனித பேட்ரிக் கிணறு. 1527-இல் உரோமை சூறையாடப்பட்டபோது திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட் ஒர்வியேத்தோவில் அடைக்கலம் புகுந்தார். முற்றுகை வந்தால் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே என்று, அந்தோனியோ தா சங்காலோ என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு இக்கிணற்றைத் தோண்டச் செய்தார். ஆழம் 53 மீட்டர். ஒன்றையொன்று தழுவிச் சுழலும் இரு படிவழிகள்; ஒவ்வொன்றிலும் 248 படிகள். இறங்கும் கழுதையும் நீர் சுமந்து ஏறும் கழுதையும் எதிர்ப்படாதிருக்கவே இந்த ஏற்பாடு. சுவரில் வெட்டிய 70 சாளரங்கள் வழியே எதிர்ப்பக்கம் செல்வோரைக் காணலாம். அவரோடு சேர இயலாது.

திரும்பி வந்த பின் கணவர் நம்மிடம் கூறினார்: "வழக்கம்போல் நான் வேகமாக இறங்கி, அடியிலுள்ள சிறு பாலத்தைக் கடந்து, மறுபக்கம் ஏறத் தொடங்கிவிட்டேன், சாமி. ஒரு சாளரத்தில் பார்த்தால், எதிர்ப்பக்கம் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டேன். 'இருபத்தைந்து வருஷமாக இப்படித்தானே போய்க்கொண்டிருக்கிறோம்' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை."

அவர் ஏறிய படிகளைத் திரும்ப இறங்கி, பாலத்தில் காத்து நின்றாராம். பிறகு இருவரும் ஒன்றாகவே ஏறினார்களாம், நின்று நின்று. அன்று மாலை பண்ணை வீட்டு முற்றத்தில் என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

பழைய திட்டத் தாளை அவர் நமக்குக் காட்டினார். உரோமையின் ஐந்து நாள்களிலும் ஒவ்வொரு மணிக்கு எதிரிலும் சரி என்ற குறி இருந்தது. ஒர்வியேத்தோவுக்கு எதிரே மட்டும் மனைவியாரின் கையெழுத்தில் ஒரு சொல்: "உட்கார்ந்தோம்."

பயணத் திட்டம் வகுக்கும் குடும்பத் தலைவர்களே, கடைசி இரண்டு நாள்களை வெறுமையாக விட்டுத் தாளை உங்கள் மனைவியிடம் கொடுங்கள்.