உம்மாவின் நடைக்கு இசைந்த மலை

கரிசல் பூமியில் வாழும் எங்களுக்கு மலைப்பயணம் என்றாலே குற்றாலமும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வரும். அருவியும் பசுமையும் உள்ள இடத்தில்தான் இறைவனின் அத்தாட்சிகளைக் காண முடியும் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் விதைக்கும் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு மலைக்காடு இருப்பதைக் கோவில்பட்டியில் பலரும் பொருட்படுத்துவதில்லை.

சென்ற தை மாதத்தில் எங்களை அங்கே அழைத்துச் சென்றது உம்மாவின் மௌனம். வாப்பா வஃபாத்தானபின் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவை உம்மா நிறைவு செய்திருந்தார்கள். மார்க்கம் விதித்த காலம் முடிந்தும், வாசற்படி தாண்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்கு அழைத்தபோதும் முட்டுவலியைக் காரணம் சொன்னார்கள். "வாப்பும்மா வந்தால்தான் நாங்களும் மான் பார்க்கப் போவோம்" என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்த பிறகே இசைந்தார்கள்.

கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி சென்று, அங்கிருந்து தூத்துக்குடிச் சாலையில் திரும்பினால் வல்லநாடு வரும். தனித்து நிற்கும் ஒரு குன்றும் அதைச் சூழ்ந்த முட்காடும் 1987ஆம் ஆண்டு வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடியில் இருப்பது இதுவே.

பஜ்ரு தொழுகைக்குப் பின் புறப்பட்டு, வனத்துறையின் அனுமதி பெற்று, வனப் பணியாளர் ஒருவர் முன்செல்ல நடந்தோம். செங்குத்தான ஏற்றம் இல்லாத வழி அது. இருபுறமும் குடைபோல் விரிந்த உடைமரங்களும் மழைக்குப் பின் காய்ந்து மஞ்சளித்த புற்களும் நின்றன. பிள்ளைகள் முந்தி ஓட முயன்றனர். முதியோரும் பலவீனரும் பின்னால் நிற்பதால், தொழுவிக்கும் இமாம் தொழுகையை இலேசாக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அதை நினைவூட்டி, இன்று வாப்பும்மாவின் நடையே நம் அனைவரின் நடை என்றோம். மெதுவாக நடந்ததால் பேச்சும் தானாகக் குறைந்தது. நாங்கள் மான்களைக் காண முடிந்ததற்கும் அந்த அமைதியே காரணமாயிற்று.

முதலில் கொம்பில்லாத, வெளிர்பழுப்பு நிறப் பெண் மான்கள் தெரிந்தன. சற்றுத் தள்ளி, முதுகு கருத்து வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்புகளோடு ஓர் ஆண் மான் நின்றது. எங்களை உணர்ந்ததும் பெண் மான் ஒன்று உயரத் துள்ளியது. அதைத் தொடர்ந்து எல்லாம் துள்ளி மறைந்தன.

உம்மா ஒரு கல்லின்மேல் அமர்ந்தார்கள். "கல்யாணமான புதுசுல பஸ்ஸுல இந்த வழியா போகும்போது, உங்க வாப்பா என்னை ஜன்னலோரம் உட்கார வச்சு, மான் தெரியுதா பாருன்னு சொன்னாக. அன்னைக்கு ஒண்ணும் தெரியல" என்றார்கள். வாப்பா மறைந்தபின் அவர்களைப் பற்றி உம்மா தாமாகப் பேசியது அதுவே முதல்முறை. நாங்கள் குறுக்கிடவில்லை. அழுதார்கள், இடையிடையே சிரித்தார்கள்.

பின்னர் ளுஹா தொழ வேண்டும் என்றார்கள். கையில் இருந்ததோ குடிப்பதற்குக் கொண்டுவந்த தண்ணீர். கோடையில் இங்கே விலங்குகளுக்கே தொட்டிகளில் நீர் நிரப்ப வேண்டியிருக்கிறது என்று வனப் பணியாளர் சற்றுமுன் சொல்லியிருந்தார். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள். இரு உள்ளங்கைகளைச் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு அது. உம்மா அவ்வளவு நீரிலேயே உளூவை முடித்ததைப் பிள்ளைகள் வியப்போடு பார்த்தனர். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும் அவர்களுக்கு, எத்தனை முறை சொல்லியும் பதியாத பாடம் அங்கே ஒரே காட்சியில் பதிந்தது. குடிக்கத் தண்ணீர் போதாத நிலையில் தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யவும் மார்க்கம் இடமளிக்கிறது என்பதையும் விளக்கினோம்.

துயரத்தில் இருப்போரிடம் பொறுமையாக இருக்கச் சொல்வது எளிது. அவர்களோடு, அவர்களின் வேகத்தில், சிறிது தூரம் நடப்பதும் நம் கடமையே. அதற்குப் பெரும் செலவோ நெடும் பயணமோ வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் திரும்பும்படி புறப்படுங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். நெகிழிக் குப்பை எதையும் காட்டில் விட்டுவராதீர்கள். வறண்ட நிலத்திலும் தன் படைப்புகளுக்கு வாழ்வளிக்கும் இறைவன், வாடிய உள்ளங்களுக்கும் ஆறுதல் அளிப்பானாக. ஆமீன்.