நம்பர் மாறினா என்ன?

எங்கட வீட்டுக்குள்ள என்ர சிம்முக்குச் சிக்னல் இல்லை. கோல் வந்தால் முற்றத்துக்கு ஓட வேண்டும். மழை என்றால் குடையோடு நின்று கதைக்க வேண்டும். 2022 செப்டம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணம் 20 வீதம் கூடின பிறகு, "இந்தச் சிக்னலுக்கு இவ்வளவு காசா?" என்ற கோபம் வேறு. பக்கத்து வீட்டுத் தம்பியின்ர சிம்மில அறைக்குள்ளேயே வீடியோ ஓடுது. கணக்குப் பார்த்தால் மாறத்தான் வேணும்.

பிரச்சினை நம்பர். இந்தியாவில் 2011இலிருந்தே நாடு முழுக்க நம்பரை மாற்றாமல் கம்பனியை மாற்றலாம். 2023இல் நான் மாற வெளிக்கிட்ட நேரம் எங்களுக்கு அந்த வசதி இல்லை. 2018இல் எடிசலாட் ஹட்ச்சோடு சேர்ந்தபோது 072 நம்பர்கள் அப்படியே போயின. கம்பனிகள் எங்களை நம்பரோடு கைமாற்றலாம். நாங்கள் நம்பரோடு கம்பனி மாற அப்ப ஏலாது.

"புது நம்பரை எல்லாருக்கும் அனுப்பினா முடிஞ்சுது" என்று அம்மாவிடம் சொன்னேன். வங்கி, கம்பஸ், நண்பர்கள், எல்லாம் ஒரு பின்னேரத்து வேலை.

அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "அம்மம்மா குடுத்த இடங்களுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டா.

அது முதலில் அம்மம்மாவின் நம்பர். 2009க்குப் பிறகு மாமாவைத் தேடிப் போன இடமெல்லாம், நிரப்பின படிவமெல்லாம் அவ அதைத்தான் எழுதினவ. தடுப்பில இருந்து வந்த பெடியன் ஒருத்தனை பஸ்ஸில கண்டு, அவனுக்கும் துண்டில எழுதிக் குடுத்தவ. ஆர் ஆருக்குக் குடுத்தவ என்று எங்களிடம் ஒரு பட்டியலும் இல்லை. அவ போய் நாலு வருசம். சிம் என்னட்ட வந்தது.

ரீலோட் பண்ணாமல் விட்டால் நம்பர் வெட்டுப்படும். பிறகு வேறு யாருக்கோ போகும். ஒருநாள் ஆராவது அந்த நம்பருக்கு எடுத்து மாமாவின்ர பேரைச் சொன்னால், அந்த ஆள் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். அவரில் பிழையும் இல்லை.

புது சிம் எடுத்தேன். பழையது அதே போனில் இரண்டாவது சிம்மாக இருக்குது. மறக்காமல் சின்னதாய் ஒரு ரீலோட் போடுறேன். வீட்டுக்குள்ள அதுக்கு இன்னும் சிக்னல் இல்லை. இரவில போனை முற்றத்துப் பக்க யன்னலில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.