சேறும் ஒரு துண்டுச் சவர்க்காரமும்

கடந்த மாரி காலத்தில் என் தங்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து எம்மோடு ஒரு மாதம் தங்கியிருந்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மலைப்பாதைகளில் ஓடுவதற்கென்றே செய்யப்படும் கியர் சைக்கிள்களில் அவனுக்குப் பெரும் பித்து. வன்னியில் மலை ஏது? ஆயினும் வந்த மூன்றாம் நாளே, ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களை விற்கும் கடையொன்றில் ஒன்றை வாங்கிக்கொண்டு, இரணைமடுக் குளத்தின் அலைகரையையும் வட்டக்கச்சி வாய்க்கால் வரம்புகளையும் அளக்கத் தொடங்கிவிட்டான்.

மழை விட்ட ஒரு மாலையில் அவன் வீடு திரும்பியபோது சைக்கிளின் நிறமே தெரியவில்லை. சில்லுகளுக்கும் சட்டத்துக்கும் இடையில் களி அப்பிக்கிடந்தது. கடைசி அரை மைல் தூரம் சைக்கிளை அவன்தான் சுமந்து வந்திருக்கிறான்.

"மாமா, இதுக்கு என்ன போட்டுக் கழுவுறது? அங்கயெண்டால் இதுக்கெண்டே ஒரு போத்தல் வைச்சிருக்கிறன். இங்க அது எடுக்கலாமோ?"

எடுக்கலாம். கொழும்பிலிருந்து தருவிக்கலாம். கைத்தொலைபேசியில் விலையைப் பார்த்துச் சொன்னான். ஒரு சிறு போத்தலின் விலை இங்கே ஒரு கூலித் தொழிலாளியின் நாட்சம்பளத்தை விஞ்சி நின்றது. "மலிவாய் வேற என்ன இருக்கு?" என்று மறுபடியும் கேட்டான்.

துவிச்சக்கரவண்டியைக் கழுவுவது பற்றி வன்னியில் வாழ்ந்த ஒருவனிடம் கேட்டால் பதில் சுருக்கமாக வராது. எங்களுக்கு அது உடற்பயிற்சிக் கருவியாக இருந்ததில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்குக்கான பொருட்கள் ஒவ்வொன்றாகத் தடைப்பட்டன, அல்லது கட்டுப்படுத்தப்பட்டன. பெற்றோல் மறைந்தது. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. அக்காலத்தில் சைக்கிளே எங்கள் பேருந்து, அதுவே பாரவூர்தி, நோயாளியைக் கரியரில் இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோன வண்டியும் அதுவே. மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். பள்ளிக்கூடக் கொப்பித்தாளில் பத்திரிகை அச்சிட்ட நாட்கள் அவை. அப்பத்திரிகைக்குரிய செய்தியும் பெரும்பாலும் இரண்டு சில்லுகளின் மீதேறித்தான் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தது.

என்னிடம் இருந்தது ஒரு பழைய றலி. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணம் முழுவதும் பெயர்ந்தபோது அதன் மீது மூட்டைகளை ஏற்றி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தள்ளிக் கடந்தேன். அடுத்த ஆண்டு கிளாலியில் அது என்னோடு படகேறி வன்னிக்கு வந்தது.

வன்னியின் சேறு ஒரே வகையானதன்று. முறிகண்டிப் பக்கத்துச் செம்மண் துணியைக் கறைப்படுத்தும். ஆனால் தண்ணீர் ஊற்றினால் சைக்கிளை விட்டுவிடும். கிறவல் வீதிச் சேற்றில் நுண்ணிய பருக்கைகள் இருக்கும். துடைத்தால் பூச்சைக் கீறும். வயற்காணிகளின் கரிய களியோ எல்லாவற்றிலும் பொல்லாதது. மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையிலே புகுந்து இறுகினால் சில்லு சுழலாது. ஆகவே மாரி காலத்தில் ஒவ்வொரு சைக்கிளின் கரியரிலும் ஒரு தடி செருகியிருக்கும். நூறு யாருக்கு ஒரு தடவை இறங்கிக் குத்தி எடுக்கவேண்டும். மட்காட்டையே கழற்றிவிட்டு, முதுகில் சேற்றுக்கோடு வாங்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு.

இத்தனை சேற்றையும் நாங்கள் கழுவியது எதனால்? சவர்க்காரத்தால் அல்ல. அக்காலத்தில் சவர்க்காரம் உடம்புக்கே அரிதான பண்டமாயிற்று. யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத்தையும் சன்லைற்றையும் பெட்டி பெட்டியாகக் கண்டு வளர்ந்த தலைமுறை, உடுப்புத் தோய்க்கப் பனம்பழத்தைத் தேடியது. பழத்தின் களியைத் தண்ணீரிற் கரைத்துத் துணியைக் கும்மினால் நுரை வரும். பனங்களியின் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்ற பொருள், நீரில் நுரைக்கும் சப்போனின் வகையைச் சேர்ந்தது என்று பின்னாளில் விஞ்ஞானிகள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஆச்சிமார் அதன் பெயரை அறியாமலே தொழிலை அறிந்திருந்தார்கள். ஒரு குறைதான்: கொடியில் காயும் உடுப்பில் பனம்பழ வாசனை நின்றுவிடும், மாடு வந்து சப்பிவிடும்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை எழுதியதில்லை.

1998ஆம் ஆண்டு கார்த்திகை. கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்து மல்லாவி, துணுக்காய்ப் பக்கங்களில் கொட்டில் போட்டிருந்த காலம். செய்தி சேகரிக்கப் போன நான் மழையில் அகப்பட்டு, யோகபுரத்தில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் கொட்டிலில் இரவு தங்கினேன். தாய், அவளுடைய தாய், பிறந்து ஒன்றரை மாதமான ஒரு குழந்தை. கணவன் வேலை தேடி வேறிடம் போயிருந்தான். இருந்த கஞ்சியை எனக்கும் பகிர்ந்து தந்தார்கள்.

சைக்கிள் களியில் ஊறிக் கிடந்தது. விடிந்ததும் எழுதியதைக் கொண்டு புறப்படவேண்டும். "பிள்ளை, ஒரு துண்டுச் சவர்க்காரம் இருக்குமோ?" என்று கேட்டேன். அவள் சற்றே தயங்கினாள். பிறகு உள்ளே போய்க் கடதாசியில் சுற்றியிருந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து தந்தாள். அரைக்கட்டிக்கும் குறைவு. அந்தத் தயக்கத்தை நான் கண்டேன், கண்டும் பொருட்படுத்தவில்லை. மறுத்திருக்கமாட்டாள், விருந்தாளி கேட்டுவிட்டான் அல்லவா? கிணற்றடியில் இருந்து, தும்பிலே சவர்க்காரத்தைத் தேய்த்து, மட்காட்டையும் றிம்மையும் சட்டத்தையும் மினுங்கும்வரை கழுவினேன். துண்டு கரைந்து முடிந்தது.

காலையில் கண்விழித்தபோது அடுப்பில் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. அருகில், அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் துணியால் வடித்த நீர் ஒரு வாளியில் இருந்தது. பானைக்குள் குழந்தையின் துணிகள். பனம்பழக் காலமும் கடந்துவிட்டது. என் பார்வை போன இடத்தை ஆச்சி கவனித்திருக்கவேண்டும்.

"அது பிள்ளையின்ர துணிக்கெண்டு வைச்சிருந்தது, தம்பி. சாம்பல் தண்ணி பிள்ளைக்குக் கொஞ்சம் எரியும். பறுவாயில்லை, நீங்கள் தூரம் போறனீங்கள்" என்றார்.

ஏச்சே இல்லாத அந்தச் சொற்களுக்கு முன்னால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. விடைபெற்றுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். கால் மைல் போகுமுன்பே அது பழையபடி சேறாயிற்று.

இரண்டு வாரங்கள் கழித்து ஒரு முழுக்கட்டிச் சவர்க்காரத்தை அந்தப் பக்கம் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டறிய வாய்க்கவில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பின்னர் ஒரு நாள் அந்த இடத்தைத் தேடிப் போனேன். கொட்டில்கள் இருந்த இடத்தில் பற்றை வளர்ந்திருந்தது. கிணறு மட்டும் இருந்தது.

இதில் என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. அந்தச் சவர்க்காரம் அன்று தேவையே இல்லை. சேறு எண்ணெய்ப் பொருளன்று, தண்ணீருக்கு உரியது. ஊறவைத்து, ஈரச் சீலைத்துண்டால் துடைத்தால் போய்விடும். எண்ணெய்ப்பசை இருந்த இடம் செயின் மட்டுமே. அதைச் சவர்க்காரத்தால் கழுவி நான் சாதித்தது எதுவுமில்லை. போதாததற்கு அந்தக் கிணற்று நீரோ சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர். கடின நீரில் சவர்க்காரத்தின் ஒரு பங்கு நுரையாகாமல் வெள்ளைத் திரையாகப் படிந்துவிடும். ஒரு குழந்தையின் துணிக்கான சவர்க்காரத்தைக் கொண்டு, தண்ணீரே செய்திருக்கக்கூடிய வேலையைத்தான் செய்தேன்.

மருமகனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கிணற்றடிக்கு அழைத்துச் சென்றேன். கிணற்றை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். மண்ணெண்ணெய் கலந்த நீர் குடிநீரோடு சேரக்கூடாது. காயமுன் கழுவுவதே முதல் விதி. காய்ந்த களியைச் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து போகும். முதலில் மேலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றவேண்டும். சில்லின் அச்சுகளுக்குள் பீச்சி அடிக்கக்கூடாது, உள்ளே இருக்கும் கிறீஸ் கழுவுண்டு துருப்பிடிக்கும். சட்டத்தில் பசை தெரிந்தால், ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி போதும். சலவைத்தூள் வேண்டாம், அதிலுள்ள காரமும் உப்பும் இடுக்குகளில் தங்கிவிட்டால் உலோகத்தை அரிக்கும். சாம்பலும் வேண்டாம். எனது பழைய இரும்பு றலி அதைத் தாங்கியது. அவனுடையது அலுமினியச் சட்டம், சாம்பலின் காரம் அதைத் தின்றுவிடும்.

செயினுக்கு மட்டும் மண்ணெண்ணெய். அதுவும் இரண்டு மூடி அளவு. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்கு ஏறிய பொருள் அது. பெற்றோல் வரிசைகளின் அந்த ஆண்டில் நாடு முழுவதுமே சைக்கிளுக்குத் திரும்பியதைப் பார்த்தபோது, கொழும்பார் புதிதாகக் கற்பதை நாங்கள் எப்போதோ கற்று முடித்தவர்கள் என்று எண்ணிக்கொண்டேன். பழைய பல் துலக்கும் பிறஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துச் செயினின் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்கவேண்டும். ரயரிலோ பிறேக் கட்டையிலோ படக்கூடாது. மணலும் எண்ணெயும் சேர்ந்த கறுப்புப் பசை அரத்தைப் போலச் செயினைத் தேய்ப்பது. அது போனாற்தான் செயின் நீடிக்கும். பிறகு துடைத்து, நிழலில் உலரவிட்டு, கண்ணிக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய். மிகுதியைத் துடைத்துவிடவேண்டும், இல்லையேல் அடுத்த மண்ணை அதுவே அழைக்கும்.

செலவைக் கணக்குப் பார்த்தான். ஒரு தேநீரின் விலை வரவில்லை.

செயினைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: "மாமா, அந்தப் பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு இருக்கும்?"

"இருந்தால் இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும்" என்றேன்.

"இருந்தால்" என்ற சொல்லை நான் வேண்டுமென்று சொல்லவில்லை. வன்னியில் 1998இல் பிறந்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அது தானாக வந்து விழுகிறது. 2009இன் முதல் மாதங்களில் சனம் கிழக்கு நோக்கி நகர்ந்தபோதும் சைக்கிள்களே கூடப் போயின. புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். மே மாதத்தில் எல்லாம் முடிந்த பின்னர் அந்தக் கரையில் அவை குவியல் குவியலாகக் கிடந்தன. உப்புக்காற்றிலும் மழையிலும் துருப்பிடித்து, ஒன்றோடொன்று பின்னிப்போய், ரயரும் இருக்கையும் உக்கி. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஒரு மாலையில் சேறு போகக் கழுவி வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருப்பார் என்ற நினைப்புத்தான் எனக்கு வந்தது. என் றலியும் அந்தப் பக்கத்தில்தான் எங்கோ நின்றுபோனது.

மருமகன் வேறெதுவும் கேட்கவில்லை. கிண்ணத்தில் எஞ்சிய கறுத்த மண்ணெண்ணெயை வேலியோரம் ஊற்றப் போனவனைத் தடுத்து, ஒரு போத்தலில் விடச் சொன்னேன். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் அழுக்கு அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுக்கலாம். தொண்ணூறுகளில் ஒரு போத்தலை இப்படி ஒரு மாரி முழுவதும் வைத்திருந்தோம்.

அவன் திரும்பிப் போய்ச் சில மாதங்களாகின்றன. சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். போத்தல் கிணற்றடி மதிலில் இருக்கிறது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சேறு. மேலே தெளிந்த எண்ணெய். பையன் சனிக்கிழமைகளில் வந்து இரண்டு மூடி எடுத்துப் போகிறான்.