கழுத்து வழி மூச்சு

மார்ச் 2
புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் எடுத்துவிட்டால், மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தின் முன்புறம் கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். அந்தத் துளைக்கு ஸ்டோமா என்று பெயர். அதன்பின் மூக்குக்கும் வாய்க்கும் நுரையீரலோடு தொடர்பில்லை. மூச்சு, இருமல், சளி எல்லாம் இந்த வழிதான். அறுவைக்கு முன் எவ்வளவு விளக்கியிருந்தும், மயக்கம் தெளிந்ததும் அப்பா பேசத்தான் வாயைத் திறந்தார்.

மார்ச் 4
சாப்பாடு மூக்குக் குழாய் வழியே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மி.லி. அளவில் வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால். தலைமாட்டை உயர்த்தி, பெரிய சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு அதில் ஊற்ற வேண்டும். தானாக இறங்க வேண்டும், அழுத்தித் தள்ளக் கூடாது. கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் கஞ்சி உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். செவிலியர் ஒருமுறை செய்து காட்டுவார். அடுத்த வேளை கூட இருப்பவர் பொறுப்பு.

மார்ச் 5
சளி. இரவு முழுக்கச் சளி.

மார்ச் 9
குரல் போனவருக்குச் சிலேட்டு கொடுப்பது வழக்கம். படித்த குடும்பங்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா எழுதுவார், அம்மா சிலேட்டைப் பார்ப்பார், பிறகு பக்கத்துக் கட்டில்காரரைப் பார்ப்பார். கால் மரத்துப்போனதும் ஃபேன் காற்று ஆகாததும் மூன்றாம் மனிதர் வாயால் தெரிய வேண்டியிருந்தது. காலையில் சிலேட்டு கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. மாலைக்குள் அதற்கு வேலையே இல்லை. கட்டில் கம்பியில் கரண்டியால் ஒரு தட்டு என்றால் சளி எடுக்க, இரண்டு என்றால் புரண்டு படுக்க. மீதியை உதட்டசைவிலேயே அம்மா தெரிந்துகொள்கிறார், திட்டு உட்பட.

மார்ச் 13
தொண்டைத் தையலில் கசிவு. எச்சில் கழுத்துக் காயம் வழியே வருகிறது. ஃபிஸ்டுலா எனப்படும் இது இந்த அறுவையில் அபூர்வமல்ல. அழுத்திக் கட்டுப்போட்டு, வாய் வழியே எதுவும் கொடுக்காமல் காத்திருந்தால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். முன்பே கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு நாளாகும். கவலை வேறு. அறுவைக்குப் பிந்தைய கதிர்வீச்சை ஆறு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். புண் ஆறாமல் அது முடியாது.

மார்ச் 22
கட்டுத் துணியில் ஈரம் குறைவு. காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 3
கசிவு நின்று, குழாயும் எடுத்தாகிவிட்டது. வீடு. மூக்கில் காற்று ஓடாததால் வாசனை தெரிவதில்லை. தாளிப்பு கருகினாலும் கேஸ் கசிந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஊதிக் குடிக்க முடியாது, காபியை ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். குளிக்கையில் துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. தூசி தடுக்கவும், உள்ளே போகும் காற்று ஈரப்படவும் துளைக்கு மேல் நனைத்த மல் துணி.

ஏப்ரல் 8
குரலுக்கு மூன்று வழிகள். காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து ஏப்பம்போல் விட்டுப் பேசுவது பயிற்சி கேட்கும். கழுத்தில் வைக்கும் மின்கருவி இயந்திரக் குரல் தரும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே வால்வு பொருத்துவது 1980இல் அமெரிக்காவின் சிங்கர், பிளாம் இருவரும் வெளியிட்ட முறை. வால்வைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இறக்குமதிச் சரக்கு விலை அதிகம். அப்பா எதற்கும் தலையசைக்கவில்லை. கதிர்வீச்சுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் மருத்துவர்.

சட்டைப்பையில் ஓர் அட்டை எழுதி வைத்தாயிற்று. இப்படிப்பட்டவர் எங்காவது மயங்கி விழுந்தால் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்துப் பயனில்லை. கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும்.